நாலாம் நாற்காலியின் சாட்சி

பெரிய சிஸ்டர் சொன்னது ஒரே ஒரு பொய். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் கூடத்துக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஒரு கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்வரை அவர்களுக்கு மிச்சமிருப்பது இன்னொரு கையும் வாயும்தான். வாய்க்குப் பேச்சு கிடைத்தது, கைக்குப் பேனா கிடைத்தது.

பொய் இதுதான்: “பரிட்சை நடுவுல கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு. மறுதேதி குடுத்திருக்காங்க.”

கம்ப்யூட்டர் கெடவில்லை. அது பாட்டுக்கு நன்றாகத்தான் ஓடியது. தேற வேண்டிய மதிப்பெண் எழுபத்தைந்து. பெரிய சிஸ்டர் வாங்கியது எழுபத்தொன்று.

பதினெட்டு வருஷ சர்வீஸ் அவளுக்கு. தோலைத் தடவிப் பார்த்தே ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். புதிதாக வருகிற டாக்டர்கள் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார்கள். அதனால், இனிமேல் ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருப்பவர்கள் டயாலிசிஸ் செவிலியர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டபோது அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவளும் படவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி. போய் உக்காந்துட்டு வந்துடறேன், அவ்வளவுதான்,” என்று சின்ன சிஸ்டரிடம் சொன்னாள். சின்ன சிஸ்டர் வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஊசியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவளே பெரிய சிஸ்டர்தான். இருவரும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் பரீட்சைக்குப் போனார்கள். போகிற வழியெல்லாம் பெரிய சிஸ்டர் அவளுக்குப் புத்திமதி சொன்னாள். பயப்படாதே, தண்ணீர் குடி, கேள்வியை இரண்டு தடவை படி. பிற்பாடு இதையெல்லாம் நினைத்தபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எண்பத்துமூன்றாவது கேள்விவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. எண்பத்துமூன்று இப்படி: டயாலிசிஸ் நடக்கும்போது மெஷினில் அலாரம் அடிக்கிறது. நோயாளிக்கு வியர்த்து, தலை தொங்குகிறது. செவிலியர் முதலில் செய்ய வேண்டியது என்ன? அலாரத்தை நிறுத்துவதா, நோயாளியைத் தொட்டு நிலைமை அறிவதா, டாக்டரை அழைப்பதா, சலைன் ஏற்றுவதா?

நாலையும் அவள் தினம் செய்கிறாள். ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே, நாற்காலியைச் சாய்க்க முழங்காலால் ஒரு தள்ளு, கழுத்தைத் திருப்பி ஒரு சத்தம். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அதில் எது முதல் என்று கேட்டால்? மூச்சு இழுக்கும்போது முதலில் எந்த மூக்குத் துவாரம் என்று கேட்டால் மனுஷன் என்ன சொல்வான்? ஆறு நிமிஷம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சலைனை அமுக்கினாள். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி முதலில் என்ன, முதலில் யார் என்றே வந்து விழுந்தன. 

வெளியே மேசையில் இருந்த குமாஸ்தா பிரிண்டரிலிருந்து வந்த இரண்டு தாள்களையும் சேர்த்து, முன்னால் நின்ற சின்ன சிஸ்டரிடம் நீட்டிவிட்டார். அவள் மேல் தாளைப் பார்த்தாள். அது அவளுடையது இல்லை. ஒரு நொடிதான். உடனே அதை நாலாக மடித்து, முகத்தைப் பார்க்காமல் பெரிய சிஸ்டர் கையில் வைத்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா,” என்றாள்.

திரும்பி வரும்போது யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை.

பொய்யைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பெரிய சிஸ்டரின் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். மெஷின் என்று ஒன்று இருந்தால் அது நிற்கத்தான் செய்யும் என்பது அவருடைய வேதம்.

“கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு,” என்றார்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“இதுல என்ன பொய்? கெடாத மெஷின் எங்க இருக்கு? இன்னிக்கிக் கெடலன்னா நாளைக்கிக் கெடும். நீ ஒருநாள் முன்னாடியே சொல்றே, அவ்வளவுதான்.”

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். பத்தாவது படிக்கிற மகள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போன மாதம்தான், “எழுபத்தெட்டெல்லாம் ஒரு மார்க்கா? வெளில சொல்ல வெக்கமா இல்ல?” என்று அவளைப் பிடித்து உலுக்கியிருந்தாள் அம்மாக்காரி. மகள் அதைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தன் நோட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, மேசையில் பாதியைக் காலி செய்துவிட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கூடத்தில் பொய்யைச் சொன்னாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள், பொய்க்குத்தான் எப்போதும் குரல் கூடுதலாக வேண்டியிருக்கிறது. சின்ன சிஸ்டர் அப்போது மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தான் தேறியதையும் அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அமைதிதான் பெரிய சிஸ்டரை அரித்தது. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போடலாம். காப்பாற்றுகிறவளை என்ன செய்வது? அதனால் பிளாஸ்திரி கோணலாக இருக்கிறது என்று திட்டினாள். சலைன் பெட்டிகளை மறுபடி அடுக்கச் சொன்னாள். நோயாளிகள் முன்னால், “மூணு வருஷம் ஆச்சு, இன்னும் இது தெரியலியா?” என்று கேட்டாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எரிந்து விழுவது மனுஷப் புத்தி. சின்ன சிஸ்டர் “சரிக்கா” என்று மட்டும் சொன்னாள்.

மறுபரீட்சைக்கான பாடப் புத்தகத்துக்குப் பெரிய சிஸ்டர் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். டீ நேரத்தில் கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, கதவைப் பார்த்தபடி படிப்பாள். காலடிச் சத்தம் கேட்டால் புத்தகம் பெட்டிக்குப் பின்னால் போய்விடும். நாற்பத்துநாலு வயசுப் பெண்மணி, திருட்டுத் தீனி தின்கிற பிள்ளை மாதிரி.

இது இப்படியே மறுபரீட்சைவரை ஓடியிருக்கும், நாலாம் நாற்காலியில் டைப்பிஸ்ட் சார் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

கோர்ட் வாசலில் முப்பத்தெட்டு வருஷம் ஊராருடைய குறைகளை டைப் அடித்தவர் அவர். எங்கே அநியாயம் என்று கேட்டாலும் விரல் துறுதுறுக்கும். கம்ப்யூட்டர் கதையைக் கேட்ட அன்றே அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அந்த ரத்தம் அப்போது பாதி மெஷினுக்குள் இருந்தது என்பது வேறு விஷயம்.

“பதினெட்டு வருஷம் உழைச்சவங்களை அலைய விடறதா? சும்மா விடக் கூடாது சிஸ்டர்!”

“வேணாம் சார். எதுக்கு வம்பு?”

“இதுதான் உங்க குணம்!” என்று அவர் மற்ற நாற்காலிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “பாத்தீங்களா? தனக்குன்னு ஒண்ணு கேக்க மாட்டாங்க.”

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுடைய பெருமை ஏறிக்கொண்டே போனது. அவள் புழுவாய் நெளிந்தாள், அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் நாற்காலித் தையல்காரம்மா, “தங்கமான பொண்ணு,” என்று எட்டாம் நாற்காலியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் ஊரே சேர்ந்து மேலே சோறு போட்டு மூட வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் தயாராகிவிட்டது. அன்று காலை எல்லாருக்கும் ஊசி ஏற்றி மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும், டைப்பிஸ்ட் சார் பையிலிருந்து அதை எடுத்து உரக்கப் படித்தார்.

“மேன்மைமிகு தேர்வு வாரியத் தலைவர் அவர்களுக்கு, கீழே ஒப்பமிட்டுள்ள பன்னிரண்டு சிறுநீரக நோயாளிகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. எங்கள் செவிலியர் பொய் என்பதையே அறியாதவர்…”

பெரிய சிஸ்டர் மருந்துத் தட்டைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும்.

அதை அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாரியத்தார் ஏட்டைப் புரட்டுவார்கள். அன்று எந்தக் கம்ப்யூட்டரும் கெடவில்லை, சம்பந்தப்பட்டவர் பெற்ற மதிப்பெண் எழுபத்தொன்று என்று முத்திரை குத்திய பதில் இந்த விலாசத்துக்கு வரும். டைப்பிஸ்ட் சார் அதையும் இதே குரலில் உரக்கப் படிப்பார்.

“எல்லாம் சரியா இருக்கு,” என்றார் அவர். “ஒரே ஒரு குறை. சாட்சி வேணும். சின்ன சிஸ்டர், நீங்க அதே ஹால்லதானே இருந்தீங்க? நடந்ததைக் கண்ணால பாத்தவங்க நீங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

சின்ன சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பெரிய சிஸ்டரைப் பார்த்தாள்.

போட்டுவிடுவாள் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. இவளுக்காகப் பொய்ச் சாட்சி போட்டு, நாளைக்கு விசாரணை என்று வந்தால் இப்போதுதான் வாங்கிய சான்றிதழையும் பறிகொடுத்துவிட்டு, அப்போதும் “சரிக்கா” என்றுதான் சொல்வாள்.

“போடாதே,” என்றாள் பெரிய சிஸ்டர்.

“ஏன் சிஸ்டர், இன்னுமா தயக்கம்…”

“கம்ப்யூட்டர் கெடல சார்.”

“என்னது?” என்றார் டைப்பிஸ்ட் சார்.

“கம்ப்யூட்டர் கெடல. நான்தான் ஃபெயில் ஆயிட்டேன். நாலு மார்க் கம்மி. வெக்கத்துல பொய் சொல்லிட்டேன். இவளுக்கு அன்னிக்கே தெரியும். எனக்காகத்தான் வாயத் திறக்காம இருந்தா. அவளைத்தான் நான் தினம் திட்டிட்டு இருந்தேன்.”

வேறு எந்த இடமாக இருந்தாலும் இப்படி ஒன்றைச் சொன்னவள் எழுந்து போய்விடலாம், கேட்டவர்களும் எழுந்து போய்விடலாம். இங்கே அதற்கு வழி இல்லை. பன்னிரண்டு பேரும் ஊசியும் குழாயுமாகக் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். இன்னும் மூன்றே கால் மணி நேரம் பாக்கி.

“அதுக்கென்னம்மா, யானைக்கும் அடி சறுக்கும்,” என்றாள் தையல்காரம்மா. அந்த ஆறுதல் திட்டைவிட மோசமாக இருந்தது. ஒன்பதாம் நாற்காலிக்காரர் ஓடாத டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். டைப்பிஸ்ட் சார் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தாளை ஒரு கையால் மடிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“இதைப் பையில போட்டுடுங்கம்மா,” என்று சின்ன சிஸ்டரிடம் சொன்னார். பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பவில்லை.

அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் போய் பிரஷர் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒன்றாம் நாற்காலியிலிருந்து பன்னிரண்டாம் நாற்காலிவரை அவள் போனாள். பட்டையைக் கட்டினாள், எண்ணை எழுதினாள். ஒவ்வொருவர் கையையும் தொட வேண்டியிருந்தது. நேற்றுவரை கை கொடுப்பதற்கு முன்னால் ஏதாவது வம்பு பேசியவர்கள் இன்று பேசாமல் கையை நீட்டினார்கள். பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. மொசைக் தரை, பிளக்கிற மாதிரி தெரியவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில், வழக்கம்போல, டைப்பிஸ்ட் சாருக்குப் பிரஷர் இறங்கியது. நாலாம் மெஷின் வீறிட்டது. அவள் ஓடினாள். நாற்காலி சாய்ந்தது, கால் உயர்ந்தது, சலைன் இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் அவர் முகத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“எந்தக் கேள்வி?” என்றார்.

“சார்?”

“நாலு மார்க் போச்சுன்னீங்களே. எது?”

சொன்னாள். அலாரம், வியர்வை, முதலில் என்ன. “எல்லாத்தையும் ஒண்ணாத்தான் செய்றேன் சார். அதுல எது மொதல்னு எனக்கே தெரியல.”

“எனக்குத் தெரியும்,” என்றார். குரலில் இன்னும் தெம்பு வரவில்லை. “மொதல்ல நீங்க சத்தத்தை நிறுத்துவீங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான். கண்ணு இருட்டிட்டாலும் எனக்குக் காது கேக்கும். மணி அடிக்கும், உங்க செருப்புச் சத்தம் வரும், மணி நிக்கும். அப்புறம் ஒரு மூச்சு, ரெண்டு மூச்சு. அதுக்கப்புறம்தான் உங்க கை என் மேல படும்.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்களுக்கு அது ரெண்டு மூச்சு. உள்ள இருக்கறவனுக்கு ரொம்ப நீளம் சிஸ்டர்.”

இல்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் சற்று முன்னால் நடந்ததைக் கையே சொன்னது: ஓடி வந்து முதலில் அமுக்கியது சத்தத்தை நிறுத்தும் மஞ்சள் பொத்தானைத்தான். ஒரு அலாரம் அடித்தால் மற்ற பதினோரு பேரும் பயந்து போகிறார்கள் என்று எந்தக் காலத்திலோ பழகிய பழக்கம். கூடத்தை அமைதியாக வைத்திருக்கிறவள் என்று அதற்குத்தான் அவளுக்குப் பெயரே.

“ஏன் சார் இதை இத்தனை நாள் சொல்லல?”

அவர் ஊசி ஏறியிருந்த தன் கையைப் பார்த்தார்.

“ஊசி குத்தற கையை எவன் பகைச்சுக்குவான்?” என்றார். “விண்ணப்பம் எழுதினதுலகூட அந்தப் பயத்துக்கு ஒரு பங்கு இருக்கு.”

எழுபத்தொன்று என்ற எண்ணைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது ஊருக்கு முன்னால் வருகிற வெட்கம். இது அப்படி இல்லை. இதைப் பார்க்க யாரும் தேவைப்படவில்லை. பரீட்சை கோணல் கேள்வி கேட்டுவிட்டது என்று இத்தனை நாள் அவள் உள்ளுக்குள் ஒரு ஆறுதல் வைத்திருந்தாள். கேள்வி நேராகத்தான் இருந்திருக்கிறது.

ஸ்டோர் ரூமுக்குப் போனாள். சின்ன சிஸ்டர் பின்னாலேயே வந்தாள்.

“எண்பத்துமூணாவது கேள்விக்கு நீ எதைப் போட்டே?”

“ஆளைப் பாக்கணும்னுதான்க்கா.”

“இங்க நீ என்ன செய்றே?”

சின்ன சிஸ்டர் தயங்கினாள். “மணியை நிறுத்திட்டுத்தான்… நீங்க செய்றதப் பாத்துத்தானே பழகினேன்.”

“அப்போ ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?”

“எதைக்கா? பரிட்சையையா, மணியையா?”

பெரிய சிஸ்டர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். “அந்தப் பெட்டியெல்லாம் நீ அடுக்கினது சரியாத்தான் இருந்துச்சு,” என்று மட்டும் சொன்னாள். பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் கூடத்து மேசைமேல் வைத்தாள்.

மறுபரீட்சைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

அடுத்த முறை அதே பன்னிரண்டு பேரும் வந்தார்கள். பேச்சு குறைவாகத்தான் இருந்தது. டைப்பிஸ்ட் சார் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பத்தரை மணி வாக்கில் ஏழாம் மெஷின் வீறிட்டது. தையல்காரம்மாவின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

பெரிய சிஸ்டர் ஓடினாள். வலது கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பாதி வழியில் அதை இழுத்துத் தையல்காரம்மாவின் மணிக்கட்டில் வைத்தாள்.

“அம்மா, என்னைப் பாருங்க. என்ன பண்ணுது?”

அலாரம் காதைப் பிளந்தது. பதினோரு தலைகளும் திரும்பின. “அந்தச் சத்தத்த நிறுத்துங்க சிஸ்டர்!” என்று ஒன்பதாம் நாற்காலிக்காரர் கத்தினார். எதிர்ப்பக்கத்திலிருந்து சின்ன சிஸ்டரின் கை பொத்தானை நோக்கி நீண்டது.

“கையை எடு,” என்றாள் பெரிய சிஸ்டர். “அடிக்கட்டும். நாற்காலியைச் சாய்.”

நாலாம் நாற்காலியில் பேப்பர் கீழே இறங்கியது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவ்வளவு நேரம் அலாரம் அடித்ததே இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.